ஒரு வினைச்சொல், 645 பொருள்: ‘ரன்’ வழியே அகராதிக் கலை

கிரிக்கெட் ரசிகருக்கு ‘ரன்’ என்றால் அணி எடுத்த எண்ணிக்கை. புடவைக் கடையில் ‘ரன்னிங் பிளவுஸ்’ கேட்டால், புடவையோடு சேர்ந்தே வருகிற ரவிக்கைத் துணியைப் பிரித்துக் காட்டுவார்கள். சமையல் மேடைக்குக் கல் பதிப்பவர் ‘ரன்னிங் அடிக்கு இவ்வளவு’ என்று கூலி பேசுவார். அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் நீளத்தை மட்டும் அளக்கிற கணக்கு அது. பட்டறையில் புது மோட்டாரை மாட்டியதும் ‘டிரையல் ரன்’ விட்டுப் பார்ப்பார்கள். நான்கும் ஒரே ஆங்கிலச் சொல்லின் கிளைகள். ஆங்கிலம் படிக்காதவர்கூட இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை.

தமிழுக்குள் வந்து சேர்ந்தது அந்தச் சொல்லின் சிறு பகுதிதான். ஆங்கிலத்தில் அது செய்கிற வேலை மலைக்க வைக்கும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011-ல் ‘ரன்’ என்ற பதிவைத் திருத்தி வெளியிட்டபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியது. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ தனிக் கணக்கு. அந்த வினைச்சொல்லைப் பிரித்து அடுக்கிய அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு அதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. முந்தைய பதிப்பில் முதலிடத்தில் இருந்தது ‘செட்’. 1989-ல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள். அந்த ஒரு பதிவை விளக்கவே ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாயின. ஒரு நாவலின் அளவு அது.

எல்லோரும் அன்றாடம் புழங்குகிற ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படிச் சேர்கிறது? அதை யார், எப்படி எண்ணுகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில், அகராதி செய்தல் என்ற கைவினைக்குள் இருக்கிறது. பெரிதும் வெளியே தெரியாத, அசாத்தியப் பொறுமை கேட்கிற கைவினை அது.

சீட்டுகளில் தொடங்கிய வேலை

1857-ல் லண்டன் மொழியியல் சங்கத்தில், இருக்கிற ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பட்டியலிட்டு ரிச்சர்ட் ட்ரெஞ்ச் என்ற பாதிரியார் உரையாற்றினார். அதிலிருந்து பிறந்த திட்டம்தான் ஆக்ஸ்போர்டு அகராதி. ஒவ்வொரு சொல்லும் எப்போது மொழிக்குள் வந்தது, காலப்போக்கில் அதன் பொருள் எப்படி மாறியது என்பதை எழுத்துச் சான்றோடு காட்ட வேண்டும் என்பது நோக்கம். அதற்குப் பொதுமக்களிடமே உதவி கேட்டார்கள். நூல்களை வாசியுங்கள், கண்ணில் படும் சொல்லை ஒரு சீட்டில் எழுதுங்கள், அது வருகிற வாக்கியம், நூல், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் குறித்து அனுப்புங்கள் என்றார்கள். சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன.

1879-ல் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே பள்ளி ஆசிரியர். லண்டனை அடுத்த மில் ஹில்லில் இரும்புத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகையை எழுப்பி, அதற்குள் 1,029 மரப் பொந்துகள் கொண்ட அலமாரிகளை வைத்து, வந்த சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கினார். பிறகு அந்த வேலை ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டுத் தோட்டத்துக்கு மாறியது. முதல் பகுதி 1884-ல் வெளிவந்தது. முழு அகராதி நிறைவடைந்தது 1928-ல். 4,14,825 சொற்களும் 18,27,306 மேற்கோள்களும் கொண்ட அந்த நிறைவைப் பார்க்க மரே உயிரோடு இல்லை, 1915-லேயே இறந்துவிட்டார். ‘செட்’ வருகிற பகுதியைத் தொகுத்த ஹென்றி பிராட்லியும் 1923-ல் காலமாகிவிட்டார்.

அபூர்வமான சொற்களை அனுப்புவதில் தன்னார்வலர்களுக்கு இருந்த ஆர்வம் சாதாரணச் சொற்களில் இல்லை. வாசிக்கும்போது விநோதமான சொல் கண்ணை உறுத்தும். ‘வா’, ‘போ’, ‘ஓடு’ போன்றவை உறுத்தாமல் கடந்துபோகும். ஆனால் அகராதி ஆசிரியரைத் திணறடிப்பவை இவைதான். 1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற வினைகள் தந்த தொல்லையை முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். எந்த நேரத்திலும் பொருள் நழுவிக்கொண்டே இருக்கும் இவற்றை வரையறைக்குள் பிடிப்பது கடினம் என்பது அவர் அனுபவம்.

சீட்டுக் கட்டைப் பிரிப்பது எப்படி?

‘ரன்’ வருகிற பத்து வாக்கியங்கள் பத்துச் சீட்டுகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சீட்டில் குதிரை ஓடுகிறது. அடுத்ததில் ஆறு ஓடுகிறது. மூன்றாவதில் சளி பிடித்த குழந்தையின் மூக்கு ஒழுகுகிறது. நான்காவதில் துவைத்த துணியிலிருந்து சாயம் போகிறது. ஐந்தாவதில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சாலை செல்கிறது. ஆறாவதில் மோட்டார் ஓடுகிறது. ஏழாவதில் ஒருவர் கடை நடத்துகிறார். எட்டாவதில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். ஒன்பதாவதில் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுகிறது. பத்தாவதில் ஒரு நாடகம் ஆறு மாதம் ஓடுகிறது. ஆங்கிலத்தில் பத்துக்கும் வினை ‘ரன்’.

இவற்றை எத்தனை குவியலாகப் பிரிக்கலாம்? அகராதி ஆசிரியரிடம் சில சோதனைகள் உண்டு. முதலாவது, மாற்றுச் சொல் சோதனை. ‘ரன்’னை எடுத்துவிட்டுப் ‘பாய்தல்’ என்ற பொருளுடைய வேறு சொல்லை வைத்துப் பார்ப்பார். ஆறு, மூக்கு இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும்; குதிரைக்கும் கடைக்கும் பொருந்தாது. ஆகவே ஆறும் மூக்கும் ஒரு குவியலுக்கு நெருங்கி வருகின்றன. இரண்டாவது, எதிர்ச்சொல் சோதனை. மோட்டார் ஓடுவதற்கு எதிர் அது நின்றுபோவது. சாயம் போவதற்கு எதிர் கெட்டிச் சாயம். வேட்பாளர் நிற்பதற்கு எதிர் விலகுவது. எதிர்ச்சொற்கள் வேறுபட்டால், பொருள்களும் வேறானவை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மூன்றாவது சோதனை சுவையானது. ஒரே வினையில் இரண்டு பொருள்களைக் கட்டிப் பார்ப்பது. தமிழில் ‘அவர் ஆணியும் அரட்டையும் அடித்தார்’ என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆணி அடிப்பதும் அரட்டை அடிப்பதும் தனித்தனிப் பொருள்கள் என்பதால்தான் அந்தச் சிரிப்பு. ‘அவர் ஆணியும் முளையும் அடித்தார்’ என்றால் சிரிப்பு வராது. இரண்டிலும் பொருள் ஒன்றே. ஆங்கிலத்தில் ஒருவர் மாரத்தானையும் மளிகைக் கடையையும் ‘ரன்’ செய்தார் என்று சேர்த்துச் சொன்னால் இதே விளைவு உண்டாகும். உடனே அந்த இரண்டு சீட்டும் வெவ்வேறு குவியலுக்குப் போய்விடும்.

குவியல்கள் பிரிந்த பிறகு வரிசை. கையடக்க அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். ஆக்ஸ்போர்டு அகராதி எது முதலில் தோன்றியதோ அதை முதலில் வைக்கும். ஒவ்வொரு பொருளின் கீழும் கிடைத்தவற்றில் ஆகப் பழைய சான்று முதலில் நிற்கும். அந்தப் பதிவை மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரு சொல்லின் ஆயிரம் ஆண்டு வாழ்க்கையே விரியும்.

பொருள் எப்படிப் பெருகுகிறது?

கிரிக்கெட்டின் ‘ரன்’னையே எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அது மட்டைக்காரர்கள் இரு முனைக்கும் இடையே ஓடுகிற செயல். அந்தக் காலத்தில் கணக்கர் ஒரு குச்சியில் வெட்டுக் குறி போட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்வார். கிடைத்த புள்ளியையும் ‘வெட்டு’ என்றே சொன்னார்கள். பிறகு ஓடுகிற செயலின் பெயரே புள்ளிக்கு ஆகிவந்தது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஓடாமலேயே நான்கு ‘ரன்’ என்று வந்தபோது, சொல் தன் பிறப்பிடமான ஓட்டத்தை முற்றிலும் விட்டுவிட்டது. இப்படி ஒவ்வொரு அடியும் சிறியது. முந்தைய பொருளிலிருந்து எளிதில் எட்டக்கூடியது. பல அடி கடந்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான் தொலைவு தெரிகிறது.

சாலை ‘ஓடுவதும்’ அப்படித்தான். சாலை அசைவதில்லை. அதன் நீளத்தைப் பார்க்கிற நம் கண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. பார்வையின் அந்த நகர்வைச் சாலையின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். இடைவிடாமல் நீள்வது என்ற இந்தக் கிளையில்தான் ரன்னிங் பிளவுஸும் ரன்னிங் அடியும் வருகின்றன.

‘ரன்’னுக்கு மட்டும் ஏன் இத்தனை கிளை? ஒரு காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘ரின்னன்’ என்பது தானாக ஓடுவதற்கும் நீர் பாய்வதற்கும் வந்தது. அதற்கு உறவான ‘ஏர்னன்’ குதிரையேறி விரைவதற்கும், ஓடிச் சென்று அடைவதற்கும் வந்தது. வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியிலும் இவற்றின் உறவுச் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் எல்லாம் கலந்து ஒரே ‘ரன்’ ஆயின. ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிட்டன.

அடுத்த காரணம் இயந்திரம். தறி, நீராவி எஞ்சின், ரயில், மின்மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக வந்த எதையும் இயங்க வைப்பதற்கு ஆங்கிலத்தார் ‘ரன்’னையே எடுத்தார்கள். தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகம் இயந்திரங்களால் நிறைந்தபோது, அந்த வினையும் கூடவே வளர்ந்தது. ‘செட்’டை ‘ரன்’ முந்தியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இவற்றோடு, ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’, ‘டவுன்’ போன்ற சிறு சொற்களை ஒட்டிக்கொண்டு புதுப்புது வினைகளாவது ஆங்கிலத்தின் இயல்பு. தீர்ந்துபோவது, வண்டி ஏற்றுவது, தற்செயலாகச் சந்திப்பது எல்லாம் அந்த ஒட்டில் பிறந்தவை.

பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஸிஃப் 1945-ல் வெளியிட்ட கட்டுரையில், அடிக்கடி புழங்கும் சொற்களுக்கே பொருள்கள் அதிகம் என்று காட்டினார். தோராயமாக, ஒரு சொல் இன்னொன்றைவிட நூறு மடங்கு அதிகம் புழங்கினால் அதற்குப் பத்து மடங்கு பொருள் இருக்கும். புழங்கப் புழங்கப் புதிய இடங்களுக்குப் போகிறது. புதிய இடங்களுக்குப் போவதால் இன்னும் புழங்குகிறது.

‘ஓடு’ம் ‘ரன்’னும்

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தி ஆகாது. நம் ‘ஓடு’ என்ற வினையைப் பாருங்கள். ஆறு ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, துணியில் ஒரு கோடு ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது, வருஷம் ஓடிவிட்டது, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிக் குடும்பங்களின் சொற்கள் இவ்வளவு தூரம் ஒரே தடத்தில் போயிருக்கின்றன. ஓட்டத்திலிருந்து பாய்ச்சலுக்கும், பாய்ச்சலிலிருந்து இயக்கத்துக்கும் மனித மனம் போகிற வழி பல மொழிகளில் ஒன்றுதான் என்பதற்கு இது நல்ல சான்று.

பிரிகிற இடங்களும் கற்றுத்தருகின்றன. தமிழில் கடையை நடத்துகிறோம். ‘நட’ என்பதிலிருந்து வந்த வினை அது. ஆங்கிலத்தார் ஓட்டுவதை நாம் நடத்துகிறோம். காய்ச்சல் நமக்கு அடிக்கும், அவர்களுக்கு ஓடும். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ஓடுகிறார்’. பிரிட்டன் வேட்பாளர் ‘நிற்கிறார்’. நம் வேட்பாளரும் நிற்கிறார். முக்கியமாக, ஓடு–ஓட்டு, நட–நடத்து, உருள்–உருட்டு என்று தன்வினையையும் பிறவினையையும் தமிழ் வடிவத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கில ‘ரன்’ இழந்துவிட்ட அந்தப் பிரிவு நம்மிடம் உயிரோடு இருப்பதால், நம் ‘ஓடு’ சுமக்கும் பாரம் குறைகிறது.

வீட்டுக்கூரையின் ‘ஓடு’ என்ற பெயரையும் ஓடுவதைக் குறிக்கும் ‘ஓடு’ என்ற வினையையும் அகராதி தனித்தனிப் பதிவாக வைக்கும். வடிவத்தில் மட்டும் ஒத்த இரண்டு சொற்கள் அவை. ஒரே சொல் கிளைத்துப் பல பொருள் பெறுவது வேறு. வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே உருவம் கொள்வது வேறு. பொம்மை செட், பம்பு செட் என்று நாம் சொல்கிற ‘செட்’, லத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. காங்கிரீட் ‘செட் ஆவது’ உட்கார வைத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. இந்த இரண்டையும் தோண்டிப் பிரிப்பதும் அகராதிக்காரர் வேலை.

எண்ணிக்கை யார் கையில்?

645 என்பது மலையின் உயரம்போல் அளந்து சொல்லக்கூடிய எண்ணா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985-ல் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்ற கணினிச் சொற்களஞ்சியம், இதே வினைக்கு 41 பொருள்தான் தருகிறது. இரண்டுமே கவனமாகச் செய்த வேலை. ஆக்ஸ்போர்டு அகராதி, வழக்கொழிந்தவை, தொழில் வழக்குகள், தொடர்கள் எல்லாவற்றையும் தனித்தனியே பதிகிறது. வேர்ட்நெட் இன்றைய பொதுவழக்கோடு நிற்கிறது. நுட்பமாகப் பிரிக்கிற அகராதிக்காரரும் உண்டு. நெருங்கியவற்றைச் சேர்த்துக் கட்டுகிறவரும் உண்டு. ஆடம் கில்காரிஃப் என்ற மொழியியலாளர், சொற்பொருள்களை நான் நம்புவதில்லை என்று தலைப்பிட்டே 1997-ல் கட்டுரை எழுதினார். எல்லாச் சூழலுக்கும் பொதுவாக, எண்ணி முடித்த பொருள் பட்டியல் என்று ஒன்று கிடையாது. எந்தப் பயனுக்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பட்டியல் அமையும் என்பது அவர் வாதம்.

அப்படியானால் பொருள் எங்கே இருக்கிறது? பக்கத்துச் சொற்களில். தமிழ் இலக்கணம் இதை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. ‘பலபொருள் ஒருசொல்’ என்று தொல்காப்பியம் இவற்றுக்குப் பெயரிட்டு, வினையால் பொருள் விளங்குபவை, வினையால் விளங்காதவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா’ பூத்தது என்றால் மரம். ஓடியது என்றால் குதிரை. வினை வந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ‘மா’ வீழ்ந்தது என்றால் தீராது. மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே வேறு குறிப்பு தேவை. பின்னால் வந்த நிகண்டுகளும் ஒருசொல் பலபொருளுக்கென்றே தனித் தொகுதி வைத்தன.

கணினிக்கு மொழி கற்பிக்க முனைந்தவர்கள் வந்து நின்ற இடமும் இதுதான். 1949-ல் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி வாரன் வீவர் எழுதிய குறிப்பில் ஒரு சோதனையைச் சொல்கிறார். ஒளி புகாத தாளில் ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குத் துளை போட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தால், அந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானிக்க முடியாது. துளையை இருபக்கமும் அகலமாக்கிக்கொண்டே போனால், ஓரிடத்தில் பொருள் தெளிந்துவிடும். ஆனால் 1960-ல் யெகோஷுவா பார்-ஹில்லெல் இதற்கு ஒரு தடையைச் சுட்டினார். ஒரு குழந்தை பொம்மைப் பெட்டியைத் தேடுகிறது; பெட்டி ‘பென்’னுக்குள் கிடைக்கிறது. பேனாவும் ‘பென்’தான், குழந்தை விளையாடும் அடைப்பும் ‘பென்’தான். பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது என்றார் அவர்.

2013-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘வேர்ட்டுவெக்’ முறை, ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண் வரிசையாக மாற்றியது. ஆற்றின் ‘ரன்’னுக்கும் கடையின் ‘ரன்’னுக்கும் அதில் ஒரே எண் வரிசைதான். 2018-ல் வந்த ‘பெர்ட்’ போன்ற முறைகளில், சொல் எந்த வாக்கியத்தில் வருகிறதோ அதற்கேற்ப எண் வரிசை மாறும். பொருள்களை முன்கூட்டியே பட்டியலிட்டுத் தராமல், கோடிக்கணக்கான வாக்கியங்களின் அண்டை அயலிலிருந்தே இயந்திரம் வேறுபாட்டைக் கற்கிறது. சீட்டு அனுப்பிய அந்தப் பழைய வாசகர்களும் சொல்லைத் தனியே அனுப்பவில்லை, வாக்கியத்தோடுதான் அனுப்பினார்கள்.

நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக, ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். ‘ரன் என்றால் ஓடு’ என்று படித்த பிள்ளை, கடையை ‘ரன்’ செய்கிறவரைப் பாடத்தில் பார்த்ததும் திகைத்து, தனக்கு ஆங்கிலம் வராது என்று முடிவுகட்டிவிடுகிறது. குறை பிள்ளையிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது. 645 பொருளையும் எந்த ஆங்கிலேயரும் மனப்பாடம் செய்ததில்லை. மையப் பொருளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்தே அவர்களும் கடக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பு நேரத்தை இதற்குக் கொடுங்கள். ‘ரன்’ வருகிற வாக்கியங்களைச் செய்தித்தாளிலிருந்தும் பாடநூலிலிருந்தும் பிள்ளைகளே சீட்டில் எழுதிவரட்டும். மேசையில் பரப்பி, அவர்களே குவியலாகப் பிரிக்கட்டும். எது எதோடு சேரும் என்று வாதாடட்டும். மறுவாரம் அதையே ‘ஓடு’, ‘அடி’, ‘பிடி’ என்று தமிழ் வினைகளுக்குச் செய்யுங்கள். தன் தாய்மொழியிலேயே ஒரு வினைக்கு எத்தனை முகம் என்று கண்டுகொண்ட பிள்ளை, வேற்று மொழியின் சொல்லுக்குப் பயப்படாது. அகராதியைத் திறந்தால் முதல் பொருளோடு நிற்காமல், எடுத்துக்காட்டு வாக்கியம் வரை வாசிக்கும்.